பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போன பாடம்

18.11.2008, திண்டிவனம்

எம்.பில். ஆய்வுக்கு இரண்டு ஊர் முடிவாகிவிட்டது. ஒலக்கூர் பக்கத்துப் பள்ளியில் பாம்புகளைப் பற்றிப் பாடம் நடத்துவேன். காணைப் பக்கத்துப் பள்ளியில் நடத்த மாட்டேன். பிறகு இரண்டுக்கும் ஒரே கேள்வித்தாள். பாடம் கேட்ட பிள்ளைகள் மட்டும் மாறியிருந்தால் என் பாடத்துக்குப் பலன் உண்டு. ஒரு ஊர்க் காற்று மறு ஊருக்கு வீசாத தூரம். மேப்பை வைத்துத் தேர்ந்தெடுத்தேன், கொஞ்சம் பெருமைதான்.

மாமியாருக்குத்தான் பிடிக்கவில்லை. "பாம்ப அடிக்காதன்னு சொல்றதுக்கு ஒரு படிப்பா?" அத்தையிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

12.12.2008

பாடம் முடிந்தது. சாரை இருந்தால் மல்லாட்டைக் கொல்லையில் எலி குறையும், கடலை தப்பும் என்றதும் தலையாட்டினார்கள். வளன் என்ற பையன் மட்டும் எழுந்தான். "மாதா காலுக்குக் கீழ பாம்பு இருக்குதே மிஸ், அப்ப அது கெட்டதுதான?"

வாயில் வந்ததைச் சொன்னேன்: "மாதா மிதிச்சிக்கினுதான் நிக்கிறாங்க. கம்பு எடுத்து அடிக்கலையே." வகுப்பே சிரித்தது. பங்குச் சாமியார் காதுக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

22.1.2009

குடி கெட்டது.

காணைப் பக்கத்துப் பள்ளியிலும் பாதிப் பேர் 'சாரையை அடிக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறார்கள். நான் அங்கே வாயே திறக்கவில்லையே! லூசியா என்ற சிறுமியைக் கேட்டேன்.

"மாதாவே கம்பு எடுக்கல மிஸ், நம்ம ஏன் எடுக்கணும்?"

என் வார்த்தை. அப்படியே.

"பொங்க லீவுக்கு ஒலக்கூர் பக்கம் மாமா ஊட்டுக்குப் போனோம். அங்க வளன் சொல்லிக்கினு திரிஞ்சான்."

விசாரித்தால், இவள் தெரு மருமகள்களில் பாதிப் பேர் அந்த ஊர்ப் பெண்கள். பெண் கொடுத்து எடுக்கிற ஊர்கள்! மேப்பில் அது எங்கே இருக்கிறது? நானும் ஒரு வீட்டு மருமகள்தானே, எனக்கு ஏன் தோன்றவில்லை?

23.1.2009

ஏற்கெனவே ஒரு முறை அவகாசம் நீட்டித்தாயிற்று. இன்னொரு முறை தர மாட்டார்கள். ஆய்வு போனால் படிப்பே போச்சு.

"வேற பள்ளிக்கூடத்துல எழுதி வாங்கி அந்த ஊர் பேர போட்டுடு" என்கிறார் என் வீட்டுக்காரர் பிரான்சிஸ். அட போங்க! பொய் சொல்லியா பட்டம் வாங்கணும்?

2.2.2009

கூட்டேரிப்பட்டு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். விழுப்புரத்தில் வழிகாட்டிப் பேராசிரியை ராஜாமணி அம்மா எல்லாவற்றையும் கேட்டார். ஏசுவார் என்று பார்த்தால், சிரிக்கிறார்.

"நீ நடத்தாத ஊருக்கும் பாடம் போயிருக்கு. இதுக்கு ஏம்மா அழுவுற? எப்படிப் போச்சுன்னு எழுது. தலைப்ப மாத்திக்கலாம்."

அப்பாடா. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்.

27.2.2009

மறுபடி இரண்டு ஊருக்கும் அலைச்சல். இந்த முறை அம்மாக்களைக் கேட்கிறேன் — உங்க பொறந்த வீடு எது?

19.6.2009

வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கிடுக்கிப்பிடி போட்டார்: "அடுத்த தடவை ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பீங்க?"

"யார் வீட்டுப் பொண்ணு எங்க வாழ்க்கைப்பட்டிருக்குன்னு முதல்ல கேட்பேன் சார்."

சிரித்துவிட்டார். தேறிவிட்டேன்! நிம்மதி, நிம்மதி.

5.7.2009

வைக்கோல் போரிலிருந்து ஒரு சாரை வந்தது. பிரான்சிஸ் கம்பைத் தேடினார். கம்பு அத்தையின் கையில், முதுகுக்குப் பின்னால்.

"உடுடா. எலி புடிக்க வந்தது, போவட்டும்."

அத்தை என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லி ஒண்ணும் இல்ல. எந்தம்பி ஊட்டுப் புள்ளைங்க சொன்னாங்க."

அத்தையின் தம்பி வீடு காணைப் பக்கம். நான் பாடம் நடத்தாத ஊர்.