நடுவில் வரும் நாட்கள்

ஜூன் 8, சனி
தேயிலைத் தோட்டத்து மருத்துவிச்சி, மிட்வைப் சுதர்ஷினி மிஸ்ஸிடம் இன்று வாய்விட்டுக் கேட்டேன். அடுத்த மாதவிலக்கு வர ஏறக்குறைய இரண்டு கிழமை, பதினாலு நாள் இருக்கும்போதுதான் கருமுட்டை வெளியாகுமாம். அன்றைக்கும் அதற்கு முந்திய சில நாட்களிலும்தான் பிள்ளை தங்க வாய்ப்பு.

"அந்த நாள்ல ஒங்க வீட்டுக்காரரு வீட்ல இருப்பாரா?" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டேன். லோஜன் கொழும்புக் கடையொன்றில் மூட்டை தூக்குகிறார். வருவது மாதக் கடைசியில். எனக்கு விலக்கு வருவதும் அதை ஒட்டித்தான். கல்யாணமாகி நாலு வருடம் — இது ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை?

ஜூன் 14, வெள்ளி
மிஸ் சொன்னதை லோஜனிடம் போனில் சொன்னேன்.

"இப்ப எப்படி லீவு கேக்குறது? மொதலாளி ஏசுவாரு."

"அப்ப நான் வாரேன்" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்
திரும்பி வந்துவிட்டேன். நேற்று கொழும்பில் லொட்ஜ்காரன் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தான். கடை மூடி வந்த லோஜன் சாப்பிட்ட கையோடு சாய்ந்தார். அப்படியே தூக்கம். சட்டையை விலக்கிப் பார்த்தேன் — தோள் முழுக்க மூட்டை உராய்ந்த காயம். இந்த மனுசன நான் எப்படி எழுப்புறது?

விடிந்ததும், "எழுப்பியிருக்கலாமே பூரணி" என்று அழுதார். அதற்குள் கடைக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 2, செவ்வாய்
வந்துவிட்டது. வேறென்ன வரும்.

ஜூலை 5, வெள்ளி
மாமி லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று பக்கத்து வீட்டு நாகலெட்சுமியிடம், "கொழும்புக்குப் போயி ஊர் சுத்திட்டு வந்தா. வயித்துல ஒன்னயுங் காணோம்" என்றார். என் காதில் விழவேண்டும் என்றே சொன்னார். நான் என்னத்த சொல்றது? ஒங்க மகன் தூங்கிட்டாருன்னா?

ஜூலை 14, ஞாயிறு
லோஜன் தலையணையும் பையுமாக வந்து நிற்கிறார். வேலையை விட்டுவிட்டாராம். இனி இங்கேயே தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டப் போகிறாராம்.

"புள்ள வேணும்னு இருந்த வேலயும் விட்டியா?" என்று மாமி கத்தினார்.

"புள்ள வந்தா வரட்டும்மா. வராட்டியும் நான் இங்கதான்."

ஜூலை 30, செவ்வாய்
அந்த நாட்களில் இவர் பக்கத்திலேயே இருந்தார். இருந்தும் இன்று காலை வந்துவிட்டது.

எப்போதும் போனில்தான் சொல்வேன். "சரி" என்பார், அவ்வளவுதான். இன்று நேரில் சொன்னேன். அவர் முகம் இப்படி உடைந்துபோகும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை காலமும் நான் மட்டும் அழுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நேரமானதும் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"அடுத்த கிளினிக்குக்கு நானும் வாரேன். என்னயும் சோதிக்கட்டும்."

மாமி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஊற்றிய தேநீரோடு எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி நீட்டினார்.