அப்பாவின் உதட்டுப் புண்ணும் படிகாரமும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய், இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, கோபம்தான் வருகிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்றே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால் எழுதி உன் தங்கையிடம் கொடுத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். பாதியில் நிறுத்தாமல் படி.

நான் சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாகக் கை கறுத்தவள். நூலைக் கடுக்காய்த் தண்ணீரிலும் படிகாரத் தண்ணீரிலும் ஊறவைக்காமல் சாயத்தில் போட்டால் முதல் அலசலிலேயே நிறம் ஓடிவிடும். துவர்ப்பின் வேலையே அதுதான், தளர்ந்ததை இறுக்கும், ஓடுவதைப் பிடித்து நிறுத்தும். வயிற்றுப்போக்குக்கு மாதுளந்தோல் கஷாயம், ஈறு வீங்கினால் கடுக்காய்த் தண்ணீர் என்று நீயும் முகம் சுளித்து வளர்ந்தவன்தான். பட்டறையிலிருந்து நான் கொண்டுவரும் படிகாரக் கட்டியைத்தான் அப்பா தன் சலூனில் வைத்திருக்கிறார், கத்தி பட்ட இடத்தில் நனைத்துத் தேய்த்தால் ரத்தம் நின்றுவிடும். ஒரு கட்டி ஆறு மாதம் வரும். கொஞ்ச நாளாக மூன்று வாரத்துக்கு ஒன்று கேட்டார். வருகிறவர்களில் பாதிப் பேர் தாடி வளர்க்கிற காலம், யாருக்கு இவ்வளவு ரத்தம் வருகிறது, மனிதருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டதா என்று பயந்து ஒரு மத்தியானம் சொல்லாமல் போய் நின்றேன். கடையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடி முன்னால் கீழுதட்டை இழுத்துப் பிடித்து, உள்பக்கம் படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். உள்ளே சுண்டைக்காய் அளவுக்கு ஒரு புண்.

நாலு மாதமாம். துருவித் துருவிக் கேட்ட பிறகு, பையனுக்குத் தெரியும் என்றார். அடப்பாவி. வெளிநாட்டில் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன் நீ, அவருக்கு நீ பாதி டாக்டர். "படிகாரமே போதும்ப்பா, வத்திடும். அம்மாகிட்ட சொல்லாதீங்க, ஊரைக் கூட்டிடுவாங்க" என்றாயாமே. ஆமாம், கூட்டுவேன். என் புருஷனுக்காகக் கூட்டாமல் வேறு யாருக்காகக் கூட்டுவேன்.

அன்றைக்கே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, படிகாரம் மேல்தோலைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்தும், கத்திக் கீறலுக்கு அது போதும், இந்தப் புண்ணை அது ஆற்றாது, நாலு மாதமாகத் திருடனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள் என்றார். வியாழக்கிழமை சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். மோசமானதாக இல்லாமலும் இருக்கலாம், இருந்தால் ஒவ்வொரு வாரமும் முக்கியம் என்றார். உன் அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பையனே படிகாரம் போதும் என்று சொல்லிவிட்டான், வெட்டுவதெல்லாம் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்பது வருஷம் அடுத்தவர் கழுத்தில் கத்தி வைத்த மனிதர். நான் அழுதாயிற்று, உன் தங்கை சண்டை போட்டாயிற்று, கல்லில் நார் உரித்த கதைதான்.

என் மேலும் எனக்குக் கோபம், ஒவ்வொரு கட்டியையும் நான்தானே காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். இதை எழுதும்போது உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று, "அவனைத் திட்டாத. நான் பயந்துபோய்க் கேட்டேன், எனக்கு வேண்டிய பதிலைச் சொன்னான்" என்றார். அவர் பயந்தது உனக்குத் தெரிந்திருக்கிறது, அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு மாதம் அந்த மனிதர் தனியாகத் தவித்திருக்க மாட்டாரே. அதுதான் ஆறவில்லை எனக்கு.

வியாழன் காலை நம் ஊர் நேரம் எட்டு மணிக்குள் அவரைக் கூப்பிடு. டூட்டி, நேர வித்தியாசம் என்று சாக்குச் சொல்லாதே. நான் சொன்னது தப்புப்பா, போய்க் காட்டுங்கள் என்று சுற்றிவளைக்காமல் சொல். வேளைக்குச் சாப்பிடு. எத்தனை திட்டினாலும் நீ என் வயிற்றில் பிறந்தவன், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, நூறு வயது நன்றாயிரு. எட்டு மணி, மறந்துவிடாதே. போகவே மாட்டேன் என்கிற மனிதர் வியாழனுக்குச் சட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார், உன் போனுக்குத்தான் காத்திருக்கிறார்.

உன் அம்மா