மூச்சைப் பிடித்து அளந்த இடுப்பு

12.2.1997, புதன்

இன்று ஒரு பொய் சொன்னேன். வாயால் அல்ல, வயிற்றால்.

ஹெப்பாளில் இந்தத் தையல் கம்பெனிக்கு வந்து பதினோரு வருடம். சட்டை, நைட்டி எல்லாம் தைத்தாயிற்று. இப்போது வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது: கார்செட். இடுப்பைச் சிறிதாக்க அந்த ஊர்ப் பெண்கள் கட்டிக்கொள்வதாம். உள்ளே பன்னிரண்டு கம்பி, முன்னால் கொக்கி, முதுகில் நாடா. முதல் சாம்பிளை யாராவது இரண்டு வாரம் கட்டிப் பழக்கி, எங்கே பிய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதித் தர வேண்டும். இடுப்பு முப்பத்துநாலு இருக்க வேண்டும். கட்டிப் பார்ப்பவளுக்கு அப்புறம் சாம்பிள் ரூமில் வேலை. அங்கே மணிக்கு இத்தனை பீஸ் என்று விரட்டமாட்டார்கள். நாற்காலிக்கு முதுகு உண்டு. நாற்பத்தொரு வயதில், ஸ்டூலில் உட்கார்ந்து என் முதுகு படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

சாம்பிள் ரூம் மனிஷா மேடம் டேப்போடு வந்தார். மூச்சைப் பிடித்தேன். முப்பத்துநாலு என்று எழுதிக்கொண்டு போனார். அவர் கதவைத் தாண்டிய பிறகுதான் விட்டேன். பக்கத்து மெஷின் பாப்பம்மாள் மட்டும் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா அக்கா என்றாள்.

13.2, வியாழன்

முதல் நாள் இரண்டு மணி நேரம்தான், முழுக்க இறுக்கக் கூடாது என்று மேடம் கொடுத்த தாளில் இருக்கிறது. முதுகுப் பக்க நாடா எனக்கு எட்டவில்லை. அரிசி மண்டியில் மூட்டை கட்டுகிற என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். தொழில் பக்தி. முழங்காலை என் முதுகில் ஊன்றிக்கொண்டார்.

"மெதுவா இழுங்க. மூட்டைன்னு நெனச்சீங்களா?"

"மூட்டையா இருந்தா மொதல்ல வாயைக் கட்டியிருப்பேன் புள்ள."

15.2, சனி

கரண்டி கீழே விழுந்தது. குனிய முடியவில்லை. கால்விரலால் எடுத்தேன். சீமாட்டி!

18.2, செவ்வாய்

இன்று நாலு மணி நேரம். வேலைக்கே கட்டிக்கொண்டு போனேன். போகப் போக உடம்புக்குப் படியும் என்று மேடம் சொன்னது சரிதான், கம்பியெல்லாம் படிந்து வருகிறது. என் உடம்புதான் கம்பிக்குப் படியவில்லை. சதை எங்கே போகும்? மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். கம்பெனி பஸ்ஸில் சாய முடியாமல் விறைப்பாக உட்கார்ந்து வந்தேன். சாம்பிள் ரூமுக்குப் போகும் முன்பே எனக்குக் கர்வம் வந்துவிட்டது என்று பேச்சாம்.

23.2, ஞாயிறு

மத்தியானம் களி. முதல் உருண்டை வரை பிரச்சினை இல்லை. இரண்டாவது உருண்டை என் தப்பு. இடது பக்கம் 'டர்' என்றது. லைனிங் நாலு விரல் நீளத்துக்குப் பிய்ந்துவிட்டது.

நோட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் மறுபடி டேப் வரும், முப்பத்தாறு வெளியே வரும், நாற்காலி போகும். அதோடு, கிழிசலைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. லைனிங்கைப் பிரித்தேன். புதுப் பாவாடை நாடாவை உள்பக்கம் இடுப்பைச் சுற்றிப் பட்டையாக வைத்து, ஒவ்வொரு கம்பியோடும் சேர்த்துத் தைத்து மூடினேன். தைத்த எனக்கே தெரியவில்லை.

24.2, திங்கள்

ஆறு மணி நேரம் கட்டியிருந்தேன். அசையவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

27.2, வியாழன்

ஒப்படைத்துவிட்டேன். மேடம் திருப்பித் திருப்பி இழுத்துப் பார்த்தார். எங்கேயும் பிய்யலையா என்றார். இல்லை என்றேன். திங்கட்கிழமை அறுநூறு பீஸுக்கு வெட்டப் போகிறார்கள். அன்றிலிருந்து எனக்குச் சாம்பிள் ரூம்.

உள் நாடா இல்லாமல் அறுநூறு — அத்தனையும் இரண்டாவது உருண்டைக்குப் பிய்யும். திரும்பி வந்தால் திட்டு யாருக்கு? லைனில் தைத்த பாப்பம்மாளுக்கு. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஏன்டி சரசு, வெக்கமா இல்ல உனக்கு? ஒரு நாற்காலிக்கா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"போய்ச் சொல்லிப்போடு புள்ள. லைன் என்ன, பழகுனதுதான?"

28.2, வெள்ளி

சொல்லிவிட்டேன், மூச்சைப் பிடித்தது, பாவாடை நாடா, எல்லாம். லைனிங்கை அவர் முன்னாலேயே பிரித்துக் காட்டினேன்.

தைத்ததற்குத் திட்டவில்லை. நோட்டில் எழுதாததற்குத் திட்டினார், நன்றாகவே திட்டினார். பிறகு டேப்பை எடுத்து, மூச்சை விடச் சொல்லி அளந்தார். முப்பத்தாறு. நாடாவை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இந்த ஊர்க் கன்னடத்தில், மரியாதைக்கு 'அவரே' போட்டு, ஒன்று சொன்னார்.

"வாங்கறவங்களும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அளப்பாங்க, சரசு அவரே."

நாற்காலி பற்றிப் பேச்சே இல்லை. என் ஸ்டூலுக்கே திரும்பினேன்.

14.3, வெள்ளி

அறுநூறும் உள்ளே நாடாவோடு தைத்து முடித்தோம். கடைசி ஐம்பது என் கையால்.

சாப்பாட்டு மணி அடித்த பிறகு மேடம் எங்கள் இரண்டு பேரையும், என்னையும் பாப்பம்மாளையும், சாம்பிள் ரூமுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் அடுத்த சாம்பிள், கஞ்சி விறைப்போடு. பக்கத்தில் புது நோட்டு. உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். சாய்ந்தேன். பாப்பம்மாளை டேப் பிடிக்கச் சொன்னார்.

கம்பியைக் கழற்றிய இரண்டு வாரத்தில் அரை அங்குலம் கூடியிருக்கிறது. நோட்டின் முதல் வரியை நானே எழுதினேன்:

இடுப்பு முப்பத்தாறரை. மூச்சை விட்டு அளந்தது.