கறுப்புக் கட்டங்களின் வகுப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்
பேத்தி கிளம்பிப் போனாள். பாதி வாரம் பல்கலைக்கழகத்தில் நின்று இங்கிலீஷ் சொல்லித்தருவாள். மீதி வாரம் இங்கே, என் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு. இந்தக் கலப்பு முறை தேறுமா தேறாதா என்று அறிக்கை எழுதும் பொறுப்பும் அவள் தலையில்தான். தேறினால் இப்படியே வந்து போவாள். இல்லையென்றால் அங்கேயே அறை எடுத்துத் தங்கவேண்டியதுதான்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி, பல்கலைக்கழகத்துக்கே மார்க் போடுகிறாள்! பெருமைதான். ஆனாலும் தேறட்டும், தேறட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்
வந்துவிட்டாள். வீடு இன்றைக்குத்தான் வீடாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி
மானம் போயிற்று.

மேசையின் மறுமுனையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் வகுப்பு எடுக்கும் திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். ஒரு முகம்கூட இல்லை. "எனிபடி?" என்று கேட்டாள். மூச்சுப் பேச்சில்லை. மறுபடி கேட்டாள். என் பிள்ளை இப்படிக் கெஞ்சுவதா? பொறுக்கவில்லை. "எஸ் மிஸ்!" என்று கத்திவிட்டேன்.

சிரிப்பு வெடித்தது. கட்டம் கட்டமாக முகங்கள் முளைத்தன. "மிஸ், புது அட்மிஷனா?" என்றான் ஒருவன். அப்புறம் ஆளாளுக்கு என்னிடம் இங்கிலீஷில் கேள்வி. வகுப்பு முடிகிறவரை ஒரு வாயும் ஓயவில்லை.

தேறிவிட்டது என்றே நினைத்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்
அறிக்கை எழுதுகிறாள். வீட்டிலிருந்து படிப்பதும் எழுதுவதும் நன்றாக வருகிறதாம். பேச்சுதான் வரவில்லையாம்.

"அன்னிக்கு அவ்வளவு பேசினாங்களே, அதை எழுதேன்டி."

"அதைச் சேர்க்கக்கூடாது பாட்டி. அது உன்னால நடந்தது. மத்த டீச்சருங்க வீட்டுலயும் நீயா உட்கார்ந்திருப்ப?"

"கூப்பிட்டா போறேன்."

சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. கொஞ்சம் கூட்டி எழுதினால் என்னவாம்? எழுத மாட்டாள். நான் வளர்த்தவள் ஆயிற்றே.

செப்டம்பர் 15, திங்கள்
பேச்சு வகுப்பெல்லாம் இனி நேரில்தான். பெட்டியோடு போனாள். இந்த மேசை இத்தனை பெரிதா?

செப்டம்பர் 26, வெள்ளி
படிக்கும் பாடத்தை மட்டும் பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்புகிறாளாம். என் போனுக்கும் ஒன்று வந்தது. மேசையில் சாய்த்து வைத்துப் போட்டேன். ஒன்றும் புரியவில்லை, குரல் மட்டும் போதுமாக இருந்தது. ஓரிடத்தில் ஏதோ கேட்டுவிட்டு, பிள்ளைகள் யோசிக்கட்டும் என்று நிறுத்தினாள்.

"எஸ் மிஸ்" என்றேன்.

"வெரி குட்" என்றாள்.

யாருக்கோ சொன்னதுதான். மறுபடி முதலிலிருந்து போட்டேன்.