கேமரா என் பக்கம் திரும்பியபோது

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் தோற்றோம், பெரிதாக ஒன்றுமில்லை. தடுப்பு வரிசைக்கு முன்னால் நடுவில் நின்று காவல் காப்பதுதான் என் வேலை. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கோல் அடிக்கும் ஆசையில் முன்னால் ஓடினார்கள். பந்து பறிபோனதும் ஒருவரும் திரும்பி வரவில்லை. எதிரணியில் ஒருவன் பந்தே இல்லாமல் ஓரமாக ஓடினான். அவனை விட்டாலும் ஆபத்து, துரத்தினாலும் நடு காலி. துரத்தினேன். காலியான இடத்தில் இன்னொருவன் புகுந்து கோல் அடித்துவிட்டான்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் என்னைத்தான் கேட்டார். முன்னால் ஓடியவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

என் பழைய காலுறைகளை அனுப்புங்கள், இங்கே வாங்கியது கடிக்கிறது. நான் போனில் பேசும்போது மிக்சியை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்தச் சத்தம் இருக்கட்டும்.

பயிற்சிக்கு வண்டி வந்துவிட்டது. டிவியில் முதல்முறையாக என் முகம் வந்ததென்று அம்மா அதைப் படம் பிடித்துக் கூடத்தில் மாட்டியிருப்பதாகத் தங்கை சொன்னாள். அந்தக் கோல் விழுந்ததும் கேமரா தேடிப் பிடித்த முகம் அது. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மூத்தவன்