இடைவேளையில் நின்ற கால்

நேற்று மத்தியானம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "இந்தக் கண்றாவியப் போயி பாத்துக்கினு இருக்கீங்களே அத்தே!" என்றாள் மருமகள். கண்றாவிதான். ஆனால் உனக்கும் எனக்கும் அது எவ்வளவு முக்கியமான கண்றாவி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? போன ஆடியில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். சேர்ந்து சிரிக்க ஆளில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எண்பதுகளில் திண்டிவனத்தில் கராத்தே வகுப்புக்குப் போன ஒரே பெண் நீ. இன்னொருத்தியாவது சேர்ந்தால்தான் பெண்களுக்கு வகுப்பு, இல்லையென்றால் நீயும் நின்றுவிட வேண்டியதுதான் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாய். "ஒண்டியா எத்தினி நாளு காத்தக் குத்திக்கினு இருப்பேன்? நீ வாடி" என்றாய். எனக்குக் கொள்ளை ஆசை. அம்மாதான், "காலத் தூக்கி ஒதைக்கறதெல்லாம் பொம்பளைக்கு எதுக்கு?" என்று பிடித்த பிடியில் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து விழுப்புரத்தில் இந்தப் படம் வந்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர். ஒரு பெண் அந்தரத்தில் பறந்து உதைக்க, தடியன்கள் நாலாபக்கமும் விழுகிறார்கள். "இதக் காட்டுனா உங்கம்மா தானா ஒத்துக்குவாங்க" என்றாய். படம் எப்படி என்று ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. வெறும் போஸ்டரை நம்பி அம்மாவை பஸ் ஏற்றிய புத்திசாலிகள் நாம்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. அவித்த மல்லாட்டைப் பையோடு, மடியில் கடலைத் தோல் உதிர, அம்மா பெண்கள் பகுதியில் நமக்கு நடுவே உட்கார்ந்தாள். கதாநாயகியோ தூணில் கட்டுண்டு அழுதாள், அழுதாள், அழுதுகொண்டே இருந்தாள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவழியாகக் கட்டை அவிழ்த்துக்கொண்டு உதைத்தாள். உதைத்தது அவள்கூட இல்லை, சவுரி வைத்த ஓர் ஆண்பிள்ளை. மீசையைக்கூடச் சரியாக மழிக்கவில்லை. கால் படுவதற்கு முன்பே அடியாள் விழுந்தான், அவன் விழுந்த பிறகு சத்தம் வந்தது. தியேட்டரே சிரித்தது.

"இந்தக் கூத்துக்கா இம்மாந்தூரம் இட்டுக்கினு வந்தீங்க?" என்றாள் அம்மா. "பொம்பளையால முடியாதுன்னுதான ஆம்பளைக்குச் சவுரி வெச்சிருக்கான்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. விளக்குப் போட்டதும் நீ எழுந்தாய். காலையில் பயிற்சி முடித்த கையோடு வந்தவள், பாவாடைக்குள்ளே வெள்ளைப் பேன்ட் அப்படியே இருந்தது. பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "அம்மா, ஆடாம அசையாம ஒக்காருங்க" என்றாய்.

அம்மா ஒரு மல்லாட்டையை உரித்து வாய்க்குக் கொண்டுபோன நேரம், உன் கால் சுழன்று வந்து அவள் கன்னத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. சத்தமே இல்லை. முறுக்கு வாங்க எழுந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். அம்மா உன் குதிகாலைப் பார்த்தாள், பிறகு உன் முகத்தைப் பார்த்தாள். கண்ணை மட்டும் சிமிட்டவில்லை. மல்லாட்டையை வாயில் போட்டு மென்றுகொண்டே, "ஏன் அடிக்கல?" என்று கேட்டாள்.

"அடிக்கறது யாருக்கும் வரும்மா. நிறுத்தறதுக்குத்தான் கத்துக்கினு இருக்கேன்" என்றாய்.

மீதிப் படத்தை அம்மா சரியாகப் பார்க்கவே இல்லை. அடிக்கடி குனிந்து உன் காலைத்தான் பார்த்தாள். திரும்பும்போது, பஸ் விக்கிரவாண்டி தாண்டியதும், "நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும் இவ?" என்றாள். என்னிடம் இல்லை, உன்னிடம்.

பிறகு நீயே மாஸ்டர் ஆனாய். ஒலக்கூர்ப் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் சைக்கிள் மிதித்து உன்னிடம் வந்தார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, "இவ காலு மொதல்ல என் கன்னத்துக்குத்தான் வந்துச்சு" என்று கடைசிவரை பீற்றிக்கொண்டாள். எனக்கும் அந்தத் திமிர் உண்டு. அந்த வகுப்பின் இரண்டாவது பெண் நான் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

நேற்று டிவியில் அந்தச் சவுரிக்காரன் வந்ததும் எழுந்தேன். "முட்டி வலின்னீங்களே அத்தே, இன்னா பண்றீங்க?" என்று மருமகள் பதறிக்கொண்டு வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு காலை வீசினேன். இடுப்பு உயரத்துக்குக்கூட ஏறவில்லை. நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஆனால் டிவிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றதுடி.