பனிமேட்டில் அடித்த கூடாரம்

போதிய காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், மச்சான். இன்று காலை வெக்ஸ்போர்ட் பிளாசாவின் கார் தரிப்பிடத்தில், குளிர்காலம் முழுதும் வழித்து ஒதுக்கிய பனிக்குவியல் கரியாய்க் கிடந்தது. சுற்றிலும் புல் முளைத்துவிட்டது. அது மட்டும் கரையவில்லை. சப்பாத்துக் காலால் கிளறினேன். ஒரு சாண் சரளைக்குக் கீழே பளிங்குபோலப் பனி. ஈரக் கல்லின் அந்த மணம் பட்டதும் நீ செத்துப்போனது மறந்துவிட்டது.

துருவப் பனியின் ஓரத்தில் நாம் இருவரும் மொறேன் அளக்கப் போன கோடை. பனி முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். வருகிற வேகத்திலேயே முனை கரைவதால் ஓரம் நின்ற இடத்தில் நிற்கும். சுமந்து வந்த கல்லும் மண்ணும் அங்கேயே விழுந்து விழுந்து மேடாகும். அதுதான் மொறேன். மேலே மண் தடிப்பாய் மூடினால், உள்ளே அகப்பட்ட பனி எத்தனை கோடையையும் தாங்கும். இதை இருவருமே படித்திருந்தோம்.

படித்திருந்தும், சமையல் கூடாரத்தை மேட்டின்மேல் அடித்தாய்.

"கீழை சதுப்படா. உதுக்குள்ளை ஒரு பனியும் இல்லை. முளையைப் பிடி."

"தோண்டிப் பாத்திட்டு அடிப்பம்," என்றேன்.

"உனக்கு எல்லாத்துக்கும் பயம்."

நல்ல வெயில் எறித்தது. மேடு இளகிச் சரிந்தது. கூடாரம், அடுப்பு, சோற்றுப் பானை எல்லாம் சேற்றோடு வழுக்கி ஏரிக்குள் போயின. அவை இருந்த இடத்தில் நீலமாய்ப் பனி தெரிந்தது.

ரொறன்ரோ திரும்பியதும் கதையில் ஆள் மாறினான்; மேட்டில் கூடாரம் அடித்தவன் நானானேன். விருந்துக்கு விருந்து, "எங்கடை விஞ்ஞானி பனிக்கு மேலை உலை வைச்சவர்!" என்று என் தோளில் தட்டினாய். பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவர் முன்னாலும் சொன்னாய். அடுத்த பயணத்துக்கு உன்னைப் பொறுப்பாக்கினார்கள், என்னை அழைக்கவில்லை. பிறகு நான் வடக்கே போனதேயில்லை. அதை நான் மன்னிக்கவில்லை.

உன் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சாகிறது. செத்தவீட்டில் உன் மனைவி எல்லோரிடமும் கேட்டார்: "ஆளுக்கொரு பக்கம் எழுதித் தாங்கோ. அந்தக் கூடாரக் கதையையும் ஆராவது எழுதுங்கோ." பக்கத்தில் நின்ற உன் மகள் அழுத கண்ணோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அங்கிள், யூ ஆர் த ரென்ற் கை, றைற்?" அந்தக் கூடாரக்காரன் நான்தானே என்று கேட்கிறாள்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூடாரம் ஏரிக்குள் போன பிறகு, மூடுபனியில் நம்மை ஏற்ற வேண்டிய விமானம் வரவில்லை. நம்மிடம் மிஞ்சியது ஒரு பைக்கற் பிஸ்கட். உன் பங்கை என் கையில் திணித்தாய். "நீ தின், எனக்குப் பசிக்கேல்லை." அதுவும் நீ சொன்ன பொய்தான். இரண்டு பொய்யையும் நான் சேர்த்தே சுமக்கிறேன். ஒன்றைக் கழித்து மற்றதைப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

பெயர் போட்டால், செத்தவனோடு வழக்காடுகிறான் என்பார்கள். இந்தப் பக்கத்தைப் பெயரில்லாமல் நாளை மலருக்குத் தபாலில் போடுகிறேன். அந்த மேட்டில் நின்றது இரண்டு பேர். ஒருவனால் இனி எழுத முடியாது.